மூலை மாறிய தாள்

அவள் அச்சடித்த ஒரு தாளைப் பார்க்க வந்த கூட்டத்தில் பல்கலைக்கழகத்தின் மாடிப்படி இடிந்து விழுந்தது. ஏழு பேராசிரியர்கள் மூர்ச்சையானார்கள். சரி, படி இடியவில்லை. கைப்பிடி ஆடியது, அது அதற்கு முன்பும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மூர்ச்சையும் இல்லை, ஒருவர் இரண்டு தடவை தும்மினார். ஆனால் அந்தத் தாள் அவளைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் விடவில்லை என்பதில் ஓர் எழுத்துகூடக் கூட்டல் கிடையாது.

அவளுடைய அம்மா செயற்கைப் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, பற்களை ஒவ்வொன்றாக உட்கார வைப்பாள். முடியளவு பிசகினாலும் யாரோ ஒருவர் வாயைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடி வருவார். வீட்டின் முன்னறையில் பாதியைப் பிளாஸ்டர் தாடைகள் அடைத்துக்கொண்டு இரவும் பகலும் இளித்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் வளர்ந்த பெண் காட்சிக்கலையும் வடிவமைப்பும் படிக்கக் கிளம்பினாள். "படம் போடுறதுக்கு நாலு வருஷமா?" என்று உறவுக்காரர்கள் இழுத்தார்கள். "எங்கே, உங்க பல்லைக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள் அம்மா. அதோடு வாய்கள் மூடிக்கொண்டன.

முதல் வருஷம் திரை அச்சு வகுப்பு வந்தது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய சன்னத் துணி; அதன்மேல் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு இழுத்தால் அடியில் வைத்த தாளில் படம் விழும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. மூன்று நிறம் வேண்டுமென்றால் அதே தாளை மூன்று முறை, முன்பு வைத்த இடத்திலேயே வைத்தாக வேண்டும். அதற்காக மேசையில் சிறு அட்டைத் துண்டுகளை ஒட்டித் தடுப்பு வைப்பார்கள். முதல் நிறத்துக்குத் தாளின் எந்த மூலையைத் தடுப்பில் முட்ட வைத்தோமோ, கடைசி நிறம்வரை அதே மூலைதான். அச்சறைக்குள் நுழைகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடமே இதுதான்.

அவள் தேர்ந்தெடுத்தது அம்மாவின் வேலை மேசையும் அதன்மேல் ஒரு முழுப் பல் செட்டும். மஞ்சள் ஒழுங்காக விழுந்தது, சிவப்பும் விழுந்தது. மூன்றாம் நாள் வந்து பார்த்தால், வேறு யாரோ மேசையைத் துடைக்கிறேன் என்று தடுப்பைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். அவசரத்தில் புதுத் தடுப்பை வலது மூலைக்கு ஒட்டினாள். முதல் இரண்டு நிறங்களும் இடது மூலையில் அடித்தவை. தாளோ அவள் கையால் வெட்டியது. கோணாமல் இருக்க அவள் கை என்ன இயந்திரமா? கடைசி நிறமான நீலக்கோடுகள் இரண்டு தீக்குச்சி அகலத்துக்குத் தள்ளிப்போய் விழுந்தன. பல் ஓரிடம், பல்லின் ஓரம் வேறிடம். மறுபடி அடிக்க நேரமில்லை. அடுத்த மணி விமர்சன வகுப்பு.

அந்த வகுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. வேலையைச் சுவரில் குத்திவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். மற்ற எல்லோரும் பேசி முடிக்கும்வரை செய்தவர் வாய் திறக்கக் கூடாது. அவளும் நின்றாள். இரண்டு மூக்குக்கண்ணாடிகளைக் கழுத்தில் மாலைபோலப் போட்டிருந்த பேராசிரியை, ஒன்றை மாட்டிப் பார்த்தார், கழற்றி மற்றதை மாட்டிப் பார்த்தார்.

"பல் ஒரு இடத்துல இருக்கு. பல்லோட நினைப்பு இன்னொரு இடத்துல இருக்கு," என்றார் மெல்ல. "பார்க்கிற எனக்கே ஈறு வலிக்குதுப்பா."

அவ்வளவுதான், வகுப்பு முழுக்க ஈறு வலித்தது. ஒருவன் இழப்பு என்றான். ஒருத்தி முதுமை என்றாள். கடைசியில் பேராசிரியை அவள் பக்கம் திரும்பினார். "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?"

மூலை மாறிப்போச்சு மேடம் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. எதிரே இருபத்திரண்டு முகங்கள். வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவளைத் திரும்பிப் பார்க்காத முகங்கள்.

"இல்லை மேடம்."

அவள் தன்மேல் பூட்டிக்கொண்ட பூட்டு இது. சாவியைத் தூக்கி எறிந்தவளும் அவள்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த தாளை அம்மா பூதக்கண்ணாடியில் பார்த்தாள்.

"நீலம் விலகியிருக்கேடி."

"அதுதாம்மா ஸ்டைல்."

"அப்படியா? எங்க வேலையில அதுக்கு வேற பேரு," என்று சொல்லி அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் 'விலகல்' என்றே பெயர். உணவகத்தில் வரிசையில் நின்றால், "விலகல் வந்தாச்சு, விலகி நில்லுங்க," என்பார்கள். நடைபாதைச் சுவரில் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். தினமும் காலையில் அவள் தன் தவற்றைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டாம் வருஷம் ஒரு தடவை தப்பிக்கப் பார்த்தாள். அலமாரி, நாற்காலி, குழாய் என்று நான்கு நிறத்தில், நிறத்தோடு நிறம் கச்சிதமாகப் பொருந்த அடித்துக்கொண்டு போனாள். பேராசிரியை இரண்டு கண்ணாடியாலும் பார்த்தார். "சுத்தமா இருக்கும்மா. ஆனா இதுல நீ எங்கே இருக்கே?"

இதில்தான் இருக்கிறேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. கீழே அச்சறைக்கு இறங்கிப்போய் நீலத்தை இரண்டு தீக்குச்சி தள்ளி அடித்துக் கொண்டுவந்தாள். "ஆ, வந்துட்டே," என்றார் பேராசிரியை.

அச்சறை நிலத்துக்கு அடியில் இருந்தது. கூரையை ஒட்டி ஒரே ஒரு ஜன்னல். அதில் தெரு தெரியாது, தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். முகமே பார்க்காத நூற்றுக்கணக்கான பேருடைய செருப்புகள் அவளுக்கு மனப்பாடம். எந்தச் செருப்புக்கு வார் அறுந்தது, எது புதிதாக மாறியது என்பதெல்லாம் அத்துப்படி. எல்லாச் செருப்பும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவள் மட்டும் மேசையில் ஸ்கேல் வைத்து, எவ்வளவு தள்ளினால் தள்ளாததுபோல் தள்ளியிருக்கும் என்று அளந்துகொண்டிருந்தாள்.

அச்சறையைப் பார்த்துக்கொண்டவர் மை படியாத சட்டையே இல்லாத ஒரு மனிதர். அவளை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் தங்கச்சி, நேரா அடிக்க வரலைன்னு எல்லாரும் என்கிட்ட வந்து அழறாங்க. நீ ஒருத்திதான் கோணலா அடிக்க ஸ்கேல் பிடிக்கிறே."

"கோணல் கரெக்டா வரணுமே அண்ணே."

"அது சரி. நேரா அடிச்சாலாவது ஒரு தடவைதான் அளக்கணும்."

கடைசி வருஷம் வந்தது. ஆறு தாள்கள், ஆறாறு நிறங்கள்: மெழுகு உருக்கும் அம்மாவின் கை, பல் பொறுக்கும் கை, அரம் பிடிக்கும் கை. வகுப்பு நேரத்தில் பேராசிரியை பார்க்க விலகிய வரிசையை அடித்தாள். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் அதே ஆறையும் இடது மூலையில் முட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராக அடித்தாள். அச்சறைக்காரர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதுக்குள்ள எறும்பு போறதுக்குக்கூடச் சந்து இல்லை தங்கச்சி," என்றார்.

இறுதித் தேர்வுக்கு ஒருவருக்கு ஒரு சுவர். அதில் ஆறு தாளுக்குத்தான் இடம். விலகிய வரிசையைப் பேராசிரியை முன்பே பார்த்துத் தலையசைத்தாயிற்று. கண்காட்சிப் புத்தகத்தில் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியும் ஆயிற்று. அதை மாட்டினால் பட்டம் நிச்சயம். சாகும்வரை விலகல் என்ற பெயரும் நிச்சயம். நேரானதை மாட்டி, 'இதில் நீ எங்கே' என்று தேர்வாளர்களும் கேட்டுவிட்டால் இன்னொரு வருஷம். அதே அச்சறை, அதே செருப்புகள்.

"எதை மாட்டப்போறே?" என்று கேட்டார் அச்சறைக்காரர்.

"தெரியலை அண்ணே."

"எது வயித்தைக் கலக்குதோ அதை மாட்டாதே."

"ரெண்டுமே கலக்குது."

"அப்போ ஏதாவது சாப்பிட்டுட்டு மாட்டு."

அவள் ஒரு பன்னைத் தின்றுவிட்டு நேரானதை மாட்டினாள்.

தேர்வு நாளில் வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்தார்கள். அம்மா வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியை வந்து நின்றதும் விலகிய நீலத்தைத் தேடினார். முதல் தாளில் தேடினார், ஆறாவது தாள்வரை தேடினார், கண்ணாடியை மாற்றிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து தேடினார். முகம் வாடிவிட்டது.

"இது அந்தப் பொண்ணோடதுதானா?" என்று ஒரு தேர்வாளர் கண்காட்சிப் புத்தகத்தைப் புரட்டியபடி கேட்டார்.

செய்தவர் பேசக் கூடாது என்ற சட்டத்தை மீறி அவள் வாயைத் திறந்தாள். "மேடம், முதல் வருஷம் மூலை மாறிப்போச்சு. நான் வேணும்னு செய்யலை. அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லலை. நான் அடிக்கணும்னு நினைச்சது இதுதான்."

மூன்று வருஷமாகப் பூட்டியிருந்தது கழன்றதுபோல் இருந்தது அவளுக்கு. கதவு திறந்துவிட்டது என்றே நினைத்தாள்.

பேராசிரியையின் கண்கள் கலங்கின. "பார்த்தீங்களா?" என்றார் தேர்வாளர்களிடம். "மூணு வருஷமா கட்டின ஒண்ணை ஒரே வாக்கியத்துல உடைச்சுட்டா. உடைக்கிறதையும் வேலையோட ஒரு பகுதியா வெச்சிருக்கா."

"இல்லை மேடம், அது நிஜமாவே தப்பு."

"அதேதான்ம்மா, அதேதான்."

"தடுப்பை மறந்துபோய் வலது பக்கம் ஒட்டிட்டேன் மேடம்."

"வலது பக்கம்," என்று இரண்டாவது தேர்வாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லும்மா, மறந்துபோய்னா சொன்னே?"

அவள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். உண்மையைச் சொல்ல அவளிடம் எத்தனை வாக்கியம் இருந்ததோ அத்தனையும் அவர்களுடைய குறிப்பேட்டுக்குள் போய்விட்டது. வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுக்கு. மேல்படிப்புக்கும் இங்கேயே இருந்துவிடு, அச்சறையில் உனக்கென்று ஒரு மேசை ஒதுக்கித் தருகிறேன் என்றார் பேராசிரியை. 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று ஆய்வுக்குத் தலைப்புகூட அங்கேயே வைத்துவிட்டார். அச்சறைக்காரர் கதவருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அசந்தாளா என்ன? ஆறு தாளையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் சிரித்தார், முன்சீட்டுக் கிழவர் பல் செட் கழன்று விழும் அளவுக்குச் சிரித்தார், டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டி இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் நின்றது.

நான் எழுதியதில் இந்த இடத்தை உரக்க வாசித்தபோது, எதிரே மெழுகைச் சூடாக்கிக்கொண்டிருந்த அவளுடைய அம்மா தலை நிமிராமலே சொன்னாள்:

"யாரும் சிரிக்கலை அத்தை. நம்ம ஸ்டாப் வந்தும் அவ எழுந்திருக்கலை. நானும் எழுப்பலை. கடைசி ஸ்டாப்ல வண்டியை அணைச்சுட்டு, இறங்குங்கம்மான்னு சொன்னாங்க. அங்கேயிருந்து நடந்தே வந்தோம்."