வாசம் நின்றால் ஓடு

வளைகுடா நாடொன்றின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நான்கு வருஷம் இருந்தேன். பழைய ஆலையைப் புதுப்பித்து, புகை குறைந்த டீசல் எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். ஊரில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் சின்னது. டீசலில் கந்தகம் இருக்கிறது, அது எரிந்தால் நெஞ்சுக்கு ஆகாது, அதை வெளியே எடுக்கிறோம். எடுத்த கந்தகம் முதலில் வாயுவாக வரும். கண்ணுக்குத் தெரியாது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பிறகுதான் அதை மஞ்சள் தூளாக்குவார்கள். நடுவில் இருக்கும் அந்த வாயுவோடுதான் எங்கள் பிழைப்பு.

முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: நாற்றம் அடித்தால் விலகிப் போ. அடித்துக்கொண்டிருந்த நாற்றம் சட்டென்று நின்றால், ஓடு. வாயு கூடினால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்குமாம். ஆளைச் சாகடிப்பது அதற்கு அடுத்தது. நான் சிரித்தேன்.

இரண்டாம் வருஷம் ஒரு காலையில் நானும் ஒரு நேபாளக்காரனும் குழாய் மூட்டொன்றைக் கழற்றிக்கொண்டிருந்தோம். லேசாக முட்டை நாற்றம். அவன் தன் மகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நாற்றம் நின்றது. நெஞ்சில் குத்தியிருந்த வாயு எச்சரிக்கைக் கருவி அலறியது. நான் காற்றுக்குக் குறுக்கே ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவன் களைத்தவனைப் போல மெதுவாக உட்கார்ந்துகொண்டிருந்தான். முகமூடி போட்டவர்கள்தான் போய்த் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் காலை முழுவதும் அவன் நினைவில் இல்லை. மகளைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டேன். "உன்னிடமா? நானா?" என்றான். ஓடியது சரி என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது இன்றைக்கும் சரியாகப்படவில்லை.

வேலை முடிந்ததும் புது டீசலை ஒரு போத்தலில் காட்டினார்கள். தண்ணீர் மாதிரித் தெளிந்திருந்தது. ஆளாளுக்கு வாங்கி முகர்ந்தோம். வாசமே இல்லை என்று சொல்லலாம். கைதட்டினார்கள். நான் போத்தலைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி விலகி நின்றேன்.

ஒப்பந்தம் முடிந்து இலங்கை மலைநாட்டிலுள்ள ஊருக்கு வந்தேன். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி கரும்புகை கக்கிக்கொண்டு மேடேறும்போது அதன் பின்னால் போய் நிற்பேன். நாற்றம் வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன். வந்தால் நிம்மதி.

"என்னாங்க, நா ஆக்குற கொழம்பவிட லொறிப் பொகதான் ருசியா இருக்கோ?" என்று மனைவி கேலி செய்வாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். இனி நான் கடல் கடக்கக் கூடாது என்பதே அவளுடைய ஒரே பேச்சாக இருந்தது. அதற்கு இங்கே ஒரு வேலை வேண்டும்.

வளைகுடா போவதற்கு முன், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த கொழுந்து புளிக்கும் அறையில் இருந்தவன் நான். பச்சை வாடை போய்ப் பழ வாசம் ஏறும் நேரத்தை மூக்கால் பிடித்து, உலர்த்தும் அடுப்புக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் என் மூக்கை மறக்கவில்லை. "மூணு நாள் செஞ்சி காட்டு, எடம் ஒனக்குத்தான்" என்றார்.

இரண்டு நாள் நன்றாகவே போனது. மூன்றாம் நாள் பகலிலேயே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எதிரே கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த தோட்டத்து அக்கா ஒருவரின் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. அவர் ஏதோ குடும்பக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பழ வாசம் மெல்ல ஏறியது. பிறகு நின்றது.

நேரம் போனால் மூக்கு சலித்துப்போகும், வெளியே போய் நாலு மூச்சு இழுத்துவிட்டு வந்தால் திரும்பிவிடும். இது தெரியாதவனா நான்? புத்திக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. அக்காவின் பேச்சும் அந்த நேரம் பார்த்து நின்றது. ஒரு கையை மேசையில் ஊன்றி அவர் மெதுவாகக் கீழே இறங்குவதைப் பார்த்தேன்.

"மூச்ச புடிச்சிக்கிட்டு ஓடுங்கக்கா!"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றம் வரை ஓடினேன். அங்கே நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பனி அசையவேயில்லை. அக்காவின் கண்ணாடி வளையல்கள் நொறுங்கி மணிக்கட்டில் இரத்தம்.

"கீழ விழுந்த தூள அள்ள குனிஞ்சேன் தம்பி" என்று அழுதார்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஸ்டோர் இயந்திரங்களைக் காக்கும் ரோதமுனியைக் கும்பிடாமல் உள்ளே போயிருப்பான், அதுதான் பிடித்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். உள்ளே கொழுந்து நேரம் கடந்து புளித்துப் போயிருந்தது.

டீமேக்கர் திட்டவில்லை. "ஏதாச்சும் கெட்ட வாசம் வந்துச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு வாசமும் வரலைங்க ஐயா. அதான் ஓடுனேன்."

மறுநாள் வேறொருவரை அந்த அறைக்குப் போட்டார்கள்.

அட்டன் டவுனில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனேன். இன்னொரு நாட்டில் இன்னொரு பழைய ஆலையைச் சுத்தமான டீசலுக்கு மாற்றுகிறார்களாம். "ஒங்கள மாதிரி பயந்த ஆளத்தான் தேடுறாங்க" என்றார். இங்கே என் பயம் ஒரு பெண்ணின் கையைக் கிழித்தது. அங்கே அதே பயத்துக்கு நல்ல வேலைக்காரன் என்று பெயர்.

வீட்டில் சொன்னேன். மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். போகவில்லை என்று நான் சொல்வதற்காகத்தான் அவள் நேரத்தைக் கடத்துகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.