மூன்றாம் மாடி சன்ஷேடு

டேவ் வந்திருந்தார், அவர்தான் தலைவர். சிலா வந்திருந்தார், சமோவாத் தீவுக்காரர், என்னோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவர். பிலிப்பைன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் டீ போடுவதற்கென்றே வந்திருந்தார். கடைசியாக நான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஏசி மெக்கானிக்குகளின் சங்கம் அது. நான் போன முதல் கூட்டம். டேவ் வந்தவர்கள் பெயரைப் படித்தார். பிறகு வராதவர்கள் பெயரையும் படித்து, இவர்கள் மன்னிப்புக் கேட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று சிலாவிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒன்றும் செய்யவில்லை, வரவில்லை" என்றார். எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்கள் ஊரில் சங்கக் கூட்டத்துக்குப் போனவன்தான் வீட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஐ.டி.ஐ.யில் ஏசி வேலை படித்தேன், திருச்சியில் பார்த்தேன், துபாய் போனேன், அங்கிருந்து இங்கே வந்தேன். எழுதிப் பழக்கம் இல்லை. ஊரில் இருக்கிற தொழில்காரர்களுக்கும், என்னைப் போல வெளியே வந்து கிடப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே வந்த புதிதில் ஒரு வீட்டுக் கூரை மேல் யூனிட் மாட்டப் போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தகரக் கூரை, ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லை. நான் ஏணியில் கால் வைத்தேன். சிலா என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இறங்கு என்றார். எனக்குக் கோபம் வந்தது. என்னால் முடியாது என்று நினைக்கிறார் போல. எனக்கு ஏறத் தெரியும், இதைவிட உயரமெல்லாம் ஏறியிருக்கிறேன் என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்" என்றார் சிலா. "இன்று நீ ஏறினால், நாளைக்கு அவர்கள் என்னை ஏறச் சொல்வார்கள்." வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு கம்பெனிகளுக்குப் போன் போட்டார். அங்கே இருந்தவர்களும் சங்கத்து ஆட்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கடைசியில் வீட்டுக்காரர் தடுப்பு கட்டினார். நாங்களே போய் வேலையை முடித்தோம். அந்த வாரமே நான் சங்கத்தில் சேர்ந்தேன்.

அன்று ஏணியிலிருந்து இறங்கும்போது எனக்கு ஜெயபால் ஞாபகம் வந்தான். திருச்சியில் நான், சேகர், ஜெயபால் மூன்று பேரும் ஒன்றாகத் தொழில் ஆரம்பித்தவர்கள். எங்களுக்கு சாரம் கிடையாது, பெல்ட் கிடையாது. ஜன்னல் வழியாக இறங்கி சன்ஷேடு மேல் நிற்போம். ஒரு கை சுவரில், ஒரு கை ஸ்பேனரில். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு லாட்ஜில் ஜெயபால் நின்ற சன்ஷேடு உடைந்தது. சேகர் உள்ளே ஜன்னல் ஓரம் நின்று டூல்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கையை நீட்டினான், எட்டவில்லை. ஜெயபாலின் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, முதல் நாள் வேறு ஒரு மெக்கானிக் போய்ப் பார்த்திருக்கிறார். சன்ஷேடு விரிசல் விட்டிருக்கிறது, ஏற மாட்டேன் என்று திரும்பியிருக்கிறார். அது ஜெயபாலுக்குத் தெரியாது. அவருக்கு ஜெயபாலைத் தெரியாது. ஒரே ஊரில், ஒரே தொழிலில் இருந்த இரண்டு பேர். ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்ல ஒரு இடம் இல்லை.

சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். தனி ஆள் மாட்டேன் என்றால் அவனுக்கு வேலை போகும், வேலை அடுத்தவனுக்குப் போகும், ஆபத்து அங்கேயே இருக்கும். பத்துப் பேர் சேர்ந்து மாட்டேன் என்றால் சாரம் வரும். நீங்கள் லேப்பில் இருக்கலாம், லாரி ஓட்டலாம், சமையல் வேலையில் இருக்கலாம். உங்கள் தொழிலுக்கு ஒரு சங்கம் இருந்தால் சேருங்கள். இங்கே இருக்கிற நம் ஆட்களுக்கும் சொல்கிறேன். நாம் வெளிநாட்டுக்காரன், நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்காதீர்கள். பயந்தவன் என்று தெரிந்தால் முதலில் நம்மைத்தான் ஏற்றுவார்கள்.

இந்த வைகாசியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சேகர் என்னைத் தில்லை நகரில் பஷீர் பாய் கடைக்குக் கூட்டிப் போனான். பாய் ஏசி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவர். மெக்கானிக்குகள் கூடும் இடம் அது. கே.கே. நகர் ஆரோக்கியராஜும் மணியும் அங்கே இருந்தார்கள். சேகர் முகம் சரியில்லை. பக்கத்துத் தெரு கிளினிக் ஒன்றில் வருஷக்கணக்காக அவன்தான் எல்லா ஏசியும் பார்க்கிறான். மூன்றாம் மாடியில் ஒரு யூனிட்டை மாற்ற வேண்டும். சன்ஷேடில் விரிசல். சாரம் கட்டினால்தான் ஏறுவேன் என்று முதல் நாள் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். கட்ட முடியாது, வேற ஆளைப் பார்த்துக்கிறேன் என்றிருக்கிறார் மேனேஜர். வேறு ஆள் போய்விட்டால் சேகருக்கு அந்த கிளினிக் இல்லை. போகிற ஆளுக்கு என்ன ஆகும் என்பது சேகருக்குத் தெரியும்.

பேச்சு வாக்கில் சங்கத்தில் சேருங்கள் என்று சொன்னேன். திருச்சியில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது.

"எது, ஆயுத பூஜைக்கு பேனர் வெப்பாங்களே, அதா?" என்றான் ஆரோக்கியராஜ். "சந்தா வாங்குவாங்க. தலைவர் போட்டோவை ஃபேன் சைஸுக்குப் போடுவாங்க. நம்ம போட்டோ ஸ்டாம்பு சைஸு."

"நீ போனா உன் போட்டோவும் பெருசாகும்ல," என்றார் பாய்.

"ஃபாரின்காரர் சொல்லிட்டு ஃப்ளைட் ஏறிடுவாரு பாய். நாமதான சன்ஷேடு ஏறணும்," என்றான் ஆரோக்கியராஜ்.

அவன் சொன்னது உண்மை.

அப்போது ஆரோக்கியராஜின் போன் அடித்தது. கிளினிக் மேனேஜர். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஆரோக்கியம், சேகர் வரமாட்டேங்கிறாரு. ஒரு மணி நேர வேலைதான். நீங்க வந்து முடிச்சுக் குடுங்க. இனிமே நம்ம இடம் பூரா நீங்களே பாத்துக்கங்க."

ஆரோக்கியராஜ் சேகரைப் பார்த்தான். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாரம் கட்டிட்டீங்களா சார்?"

"அதெல்லாம் எதுக்குங்க?"

"கட்டிட்டுக் கூப்பிடுங்க சார்," என்று வைத்துவிட்டான். பிறகு சேகரிடம், "என்னடா பாக்குற? எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு," என்றான்.

கொஞ்ச நேரத்தில் மணியின் போன் அடித்தது. மணிக்கு நிரந்தர இடம் என்று ஒன்றுமே கிடையாது. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஓடுகிறவன். அந்த கிளினிக் கிடைத்தால் அவன் வருஷம் ஓடிவிடும். போனைப் பார்த்தான், எழுந்து வெளியே போனான். ரோட்டில் ஆட்டோ சத்தத்தில் அவன் பேசியது கேட்கவில்லை. சேகர் முதுகு நேராக உட்கார்ந்திருந்தான். மணி திரும்பி வந்தான், ஸ்டூலில் உட்கார்ந்தான், ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தான்.

அடுத்து அடித்தது பாயின் போன்.

"சொல்லுங்க சார்," என்றார் பாய். கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்படியா, மணியும் வரலையா? யாரும் இல்லீங்களே சார். நான் ஆள் அனுப்ப மாட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க சாரம் கட்டுங்க, சேகரையே நான் கூட்டிட்டு வரேன்."

சேகர் மணியின் தோளில் கை வைத்தான். மணி, "விடுடா, டீ சிந்தப் போவுது," என்றான்.

"அந்த சங்கத்து செகரட்டரி நம்பர் இருக்கா பாய்?" என்றான் ஆரோக்கியராஜ்.

அதற்கப்புறம் யார் போனும் அடிக்கவில்லை. என் போன் மடியில் கிடந்தது. அதில் இருப்பது ஆக்லாந்து நம்பர். ஒரு காலத்தில் தில்லை நகரில் எந்த வீட்டில் எந்த மெஷின் என்று தெரிந்து வைத்திருந்தவன் நான். இன்று அந்த மேனேஜருக்கு நான் ஒருவன் இருப்பதே தெரியாது. மாட்டேன் என்று சொல்லவும் ஒருவர் நம்மைக் கூப்பிட வேண்டுமே. என்னை விட்டுவிட்டு, மாட்டேன் என்றவர்களை எண்ணினேன்.

நான்கு பேர்.