ஆயாக் கொட்டகையில் ஆறாவது கன்று

பால்குடி மறக்கடிக்கும் தொழிலில் கன்று மூன்று நாள் கத்தும், கன்றின் சொந்தக்காரர் பத்து நாளும் கத்துவார். பிள்ளையை முதல் நாள் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

செமோர் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் ஆயாக் கொட்டகை இப்போது என் வசம் இருக்கிறது. ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச்சென்ற கட்டடம். இப்போது அங்கே ஐந்து மாதக் கன்றுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். வீட்டில் தாயும் கன்றும் ஒரே கொட்டிலில் இருந்தால் பால் மறக்காது. என்னிடம் பத்து நாள் இருந்தால் புல்லும் தவிடும் தின்னப் பழகிவிடும். நாற்பத்தோரு கன்று வந்து போயின. ஒன்றுகூடச் சாகவில்லை. கடைசியாக வந்த ஆறில்தான் அந்தக் கணக்குக்கு ஆபத்து வந்தது.

லோரி வந்த அன்று

லோரிக்காரர் மணியம் ஆறு கன்றுகளையும் ஒரே நடையில் கொண்டுவந்தார். ஐந்து, காம்பாரில் ஒரே பட்டியைச் சேர்ந்தவை. ஆறாவது, லகாட்டில் இருக்கும் லெட்சுமியின் கிடாரிக் கன்று. லெட்சுமி பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். வீட்டில் இருப்பது ஒரே மாடு, அதுவும் இனிச் சினை பிடிக்காது. இந்தக் கிடாரி நின்றால்தான் அந்த வீட்டில் இனி மாடு. அதனால் அவரும் லோரியில் கூடவே வந்துவிட்டார்.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. கன்றின் காது, கொம்புக் குருத்து, நெற்றிச் சுழி எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, "பத்து நாள்" என்றேன். லெட்சுமி கன்றின் கழுத்தைத் தடவியபடி மணியத்திடம் கேட்டார்:

"இந்த அண்ணே கன்னுக்கிட்டயாவது பேசுவாரா, இல்ல அதுக்கும் இப்படித்தானா?"

குளியல் தொட்டி

முதல் நாள் ஒன்றும் தண்ணீர் குடிக்கவில்லை. காம்பார்க் கன்றுகள் ஓடையில் குடித்துப் பழகியவை. என்னிடம் இருப்பது யாரோ வீசிய பழைய குளியல் தொட்டி. அதில் அசையாமல் கிடந்ததைத் தண்ணீர் என்று அவை நம்பவில்லை. குழாயைக் கொஞ்சம் திறந்து ஒழுகவிட்டேன். சத்தம் கேட்டு ஒன்று வந்தது, அதைப் பார்த்து மற்ற நான்கும் வந்தன. ஆறாவது மூலையை விட்டு நகரவில்லை. வாளியை அதன் மூக்கடியில் பிடித்ததில் ஏழு மடக்கு குடித்தது, அவ்வளவுதான்.

பிறகு ஆறும் வேலியோரம் நடந்து நடந்து கத்தின. காலை எட்டு முதல் ஒன்பது வரை ஆறாவது மட்டும் அறுபத்து மூன்று தடவை கத்தியது. புல்லுக்கட்டு இறக்க வந்த மணியம் என் நோட்டை எட்டிப் பார்த்தார். அவரும் இந்தக் கொட்டகையில் வளர்ந்தவர்தான்.

"எங்கம்மா விட்டுட்டுப் போனப்ப நானும் இப்படித்தான் கத்தினேனாம். அப்ப எண்ண ஆளில்ல லா!"

சத்தம் நின்றது

மூன்றாம் நாள் எல்லாச் சத்தமும் அடங்கியது. ஐந்து கன்றுகள் வாயில் புல் இருந்ததால் அடங்கின. ஆறாவது ஒன்றும் தின்னாமலே அடங்கியது. மாடு வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும், கத்துகிற கன்றைவிடச் சும்மா நிற்கிற கன்றுதான் தூக்கத்தைக் கெடுக்கும். வந்த அன்று விலாவில் மூன்று எலும்பு தெரிந்தது, இப்போது ஐந்து. தவிட்டில் வெல்லம் கலந்தேன், மற்ற ஐந்தும் வந்து தின்றுவிட்டுப் போயின. தனியாகக் கட்டினேன், பிறகு கூட்டத்தில் விட்டேன். மிருக டாக்டர் வந்து தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை, வயிற்றிலும் கோளாறு இல்லை, இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் தேறாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளி இடைவேளை முடிந்ததும் லெட்சுமி போன் செய்தார். கன்று எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. "இருக்கு" என்றேன்.

"இருக்குன்னா? நிக்குதா, படுத்திருக்கா, தின்னுதா? ரெண்டாவது வார்த்தை சொன்னா வாய் வலிக்குமாண்ணே?"

ஒன்று, இரண்டு

நான் யாருக்கும் போன் செய்வதில்லை. நாலாம் நாள் காலை நானே லெட்சுமிக்குச் செய்தேன். தின்னவில்லை என்று சொன்னேன். பிறகு, வீட்டில் அது புல்லைக் கடிக்கும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து கேண்டீன் கதையெல்லாம் அதனிடம் சொல்வாராம், கதை முடியும்வரை கடித்துக்கொண்டே இருக்குமாம்.

என்னிடம் கதை கிடையாது. தவிட்டுச் சட்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பலமுறை கனைத்துப் பார்த்தேன். கடைசியில் எனக்கு வந்த ஒன்றே ஒன்றைச் செய்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். நூற்றுப் பன்னிரண்டில் ஒரு காது என் பக்கம் திரும்பியது. இருநூற்று நாற்பதில் சட்டியை நக்கியது. நான் நிறுத்தினேன், அதுவும் நிறுத்தியது. மறுபடி எண்ணினேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஐந்நூறு வரை எண்ணி எண்ணித் தொண்டை கட்டிப்போனது. மணியம் வேலிக்கு வெளியே நின்று ஒரு வேளை முழுக்கக் கேட்டார்.

"அறுபத்தெட்டு வயசு ஆளப் பேச வச்சிடுச்சு லா இந்தக் கன்னு! ஆனா முந்நூத்தி நாப்பத ரெண்டு தடவ சொன்னீங்கண்ணே."

பதினோராம் நாள்

பத்தாம் நாள் ஆறும் லோரி ஏறின. ஆறாவதின் விலாவில் மறுபடி மூன்று எலும்புதான் தெரிந்தது. தவிடு எவ்வளவு, புல் எவ்வளவு, தண்ணீர் எத்தனை வாளி என்று லெட்சுமிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்து ஐந்நூறு வரை எண்ணியதை மட்டும் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையே போன் வந்தது. கன்று தாயைத் தேடவில்லையாம், ஆனால் தின்னவும் இல்லையாம். கேண்டீனில் நடந்தது, நடக்காதது எல்லாம் சொல்லியும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். வேறு வழியில்லாமல் நான் எண்ணிய கதையைச் சொன்னேன். லெட்சுமி சிரிக்கவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டு அவர் எண்ணுகிற குரல் கேட்டது. நானும் காதில் வைத்தபடியே இருந்தேன். வெகுநேரம் கழித்துச் சட்டி தரையில் உரசும் சத்தம் வந்தது. மூச்சு வாங்க அவர் போனை எடுத்தார்.

"ஐந்நூறு ஆயிடுச்சுண்ணே, இன்னும் தின்னுது. மேல போகவா, மறுபடி ஒண்ணுலேருந்து வரவா?"

நாற்பத்தேழு கன்றுகளுக்குப் பாலை மறக்கடித்துவிட்டேன், ஆறாவதுக்கு என் எண்ணிக்கையை மறக்கடிக்கத்தான் இன்னும் ஒரு கொட்டகை கிடைக்கவில்லை.