பின் சக்கரமும் என் வலது காலும்

“மிதின்னா மிதிக்கிறே, விடுன்னா யோசிக்கிறே. உன் காலுக்கும் வாய் முளைச்சிருச்சா?”

லோரிக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தியது இது. நான் மேலே ஓட்டுநர் ஆசனத்தில் சேலையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, வலது காலைப் பிரேக் பெடலில் வைத்திருந்தேன்.

“விட்டு ரொம்ப நேரமாச்சு.”

“விட்டா கம்பி ஏன் தளரலை?”

“அதைக் கம்பிகிட்ட கேளுங்க. பக்கத்துலதானே படுத்திருக்கீங்க.”

பிரேக் வேலை இரண்டு பேர் செய்கிற தொழில்: ஒருவர் படுத்துக்கொண்டு திட்ட வேண்டும், இன்னொருவர் உட்கார்ந்துகொண்டு மிதிக்க வேண்டும். ரயில்வே பட்டறையில் ஆள் குறைத்தபோது வேலை போய், பிரிக்பீல்ட்ஸில் வீட்டு முன்புறம் தகரக் கூரை இறக்கி, மோட்டார் ரிப்பேர் ஆரம்பித்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். கான்வென்டில் மதர்மார் எனக்கு ஆங்கிலமும் தையலும் பியானோவும் சொல்லிக்கொடுத்தார்கள். பியானோவில் பெடல் மிதித்தது பிற்காலத்தில் உதவியது.

வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போடும் கணவர் வாய்த்த சகோதரிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

வடிகாலில் நின்ற லோரி

அந்த லோரி மாணிக்கத்துடையது. சின்ன லோரி, பின்னால் திறந்த பெட்டி, வயசு என் மகளை விடக் கொஞ்சம்தான் குறைவு. விடியற்காலையில் செராஸ் தோட்டங்களிலிருந்து கீரையும் வெங்காயத் தாளும் பாசாருக்கு ஏற்றிப் போகும். பிறகு மாணிக்கம் பெட்டியைக் கழுவி, இரண்டு பெஞ்சுகளைப் போட்டு, எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் ஏழு பேரைக் குன்றின் மேல் இருக்கிற கான்வென்டுக்குக் கொண்டுபோவான். ஏழில் ஒருத்தி என் மகள் கமலா. அவள் சட்டையில் எப்போதும் வெங்காயத் தாள் வாசம் அடிப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாதி மேட்டில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வந்தது. மாணிக்கம் பிரேக்கை மிதித்தான். லோரி நிற்கவில்லை. ஏழு பெண்களையும் வைத்துக்கொண்டு பின்னோக்கி உருண்டு, பின் சக்கரம் ஓர வடிகாலில் விழுந்ததால்தான் நின்றது. வடிகால் இல்லாவிட்டால் அடுத்து நிற்கிற இடம் கீழே பெரிய சாலை. கமலாவுக்கு மோவாயில் பெஞ்சு இடித்த காயம் மட்டும். அந்தக் காலத்து லோரிக்கு முன் சக்கரத்தில் பிரேக் கிடையாது. பின்னால் இருக்கிற இரண்டும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்க வேறு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை தொடக்கம். வேறு வண்டி பிடிக்க எங்களில் யாருக்கும் வழியில்லை. திங்கள் காலை ஏழு மணிக்கு அதே லோரி, அதே ஏழு பிள்ளைகளோடு, அதே மேட்டில் ஏறியே தீர வேண்டும். நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. வெள்ளி சாயங்காலம் மாணிக்கம் வாசலுக்கு வெளியே நின்றபடி என் வீட்டுக்காரரிடம், “கொஞ்சம் இறுக்கி விட்டா போதும் அண்ணே” என்றான். நான் உள்ளேயிருந்து வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னான்:

“வண்டி நின்னுருச்சுல்லக்கா. எங்க நின்னா என்ன லா.”

முறத்தில் கலந்த சாமான்

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பமானது. சக்கரத்துக்குப் பின்னால் ஓர் இரும்புச் சட்டி இருக்கும், அதுதான் டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு இரும்புகள், அதை ஷூ என்பார்கள். ஷூவின் முதுகில் முரட்டு நூலால் நெய்த பட்டை ஒன்றை ஆணியால் தைத்திருக்கும். பெடலை மிதித்தால் பட்டை உள்ளேயிருந்து சட்டியை அழுத்திப் பிடிக்கும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் ஆனது. இந்த மனிதர் அதைத் திறக்க மூன்று மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

எங்களிடம் ஆங்கிலத்தில் ஒரு கைப்புத்தகம் உண்டு. பாதியைக் கறையான் தின்றுவிட்டது. அவருக்கு இரும்பு தெரியும், எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆகவே அவர் செய்ய, நான் படித்துச் சொல்வது என்று ஏற்பாடு. அன்றைக்கு எனக்குச் சமையல் முடியப் பத்து மணி ஆகிவிட்டது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் இரண்டு பக்க டிரம்மும் கழன்று கிடக்கின்றன. நீளமும் குட்டையுமாக ஸ்பிரிங்குகள், நான்கு ஷூக்கள், ஆணிகள் எல்லாம் ஒன்றாக என் புது முறத்தில் கிடந்தன. எது இடது, எது வலது என்று முறத்துக்கே தெரியாது.

முதல் வரியைப் படித்தேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைக் கழற்ற வேண்டும், கழற்றாத பக்கத்தைப் பார்த்து மாட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. அவர் முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“பிரிக்கிறதுக்கு முன்னாடி எவன் புஸ்தகம் படிப்பான்?”

யார் வீட்டு எண்ணெய்

நான்கு பட்டைகளும் கறுத்து, ஈரமாக மினுமினுத்தன. அச்சிலிருந்து மசகு ஒழுகியிருக்கும் என்றான் மாணிக்கம். அவன் காலையிலிருந்தே வழக்கத்துக்கு மீறி உபகாரம் செய்துகொண்டிருந்தான். “மசகு ரெண்டு பக்கமும் அளவெடுத்து ஒழுகாது” என்றார் என் வீட்டுக்காரர். நான் ஒரு ஷூவை எடுத்து முகர்ந்தேன். தினம் அடுப்படியில் நிற்கிறவளுக்கு அந்த வாசம் தெரியாதா? காய்ந்து கருகின தேங்காய் எண்ணெய்.

அவ்வளவுதான், ஆரம்பித்தேன். பிரேக்கில் எண்ணெய் ஊற்றுகிற அறிவாளி யார், அவனுக்குப் பிள்ளைகுட்டி உண்டா, அவனை அந்த மேட்டில் நிற்க வைத்து மேலேயிருந்து இதே லோரியை உருட்டிவிட்டால் புத்தி வருமா என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது மாணிக்கம் டிரம்மில் ஒரே இடத்தைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். “பின் தட்டுல ஓட்டை இருக்குல்ல, அது வழியா ஊத்தினேன்” என்றான்.

“ஏன்டா?” என்றார் இவர்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த லோரி தினமும் எங்கள் வாசலில் நிற்கும்போது பன்றியை அறுக்கிற மாதிரி ஒரு கீச்சல் போடும். தெருவே விழித்துக்கொள்ளும். அந்த வாரம் ஒரு காலையில் எனக்குத் தலைவலி. வாசலுக்கு வந்து, நாலு வீடு கேட்கும்படி மாணிக்கத்தைப் பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவனுக்கு மறக்கவில்லை. தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

“நீங்கதானேக்கா கேட்டீங்க, உங்க வீட்டுல ஒரு கரண்டி எண்ணெய்கூட இல்லையாடான்னு.”

கிராணியாரின் ரப்பர்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைத் திருப்பித் திட்ட இப்படி ஒரு வாய்ப்பு என் வீட்டுக்காரருக்கு அமைந்ததே இல்லை. அதைப் பயன்படுத்தாமல் மறுபடி லோரிக்கு அடியில் போய்விட்டார். நான் அடுப்படிக்குள் போய், ஒன்றும் எரியாத அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். கமலா மோவாயில் மஞ்சள் பற்றோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

மண்ணெண்ணெயில் கழுவி, நெருப்பில் வாட்டி எல்லாம் பார்த்தாயிற்று. எண்ணெய் குடித்த பட்டை உதவாது, மாற்ற வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதற்குள் கடைகள் மூடிவிட்டன. அந்த நேரத்தில்தான் இவருடைய சித்தப்பா மகன், கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருப்பவர், விடுமுறைக்கு வந்து சேர்ந்தார். நாலு வருஷமாகத் தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவர். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் அவரிடம் மருந்து ரப்பர்தான். பையிலிருந்து புகை போட்ட ரப்பர் ஷீட் ஒன்றை எடுத்து விரித்தார். “இதை வெட்டி ஷூ மேல ஒட்டுங்க அண்ணே. டயரே இதுலதானே செய்யிறான்.”

இவர் ஷீட்டைத் தடவிப் பார்த்தார். அந்தத் தடவலை எனக்குத் தெரியும், மனசு சாய்கிறது என்று அர்த்தம். பேசினால் மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு, ஒரு துண்டை வெட்டி, காய்ந்த தோசைக்கல்லில் போட்டு, தோசைத் திருப்பியால் அழுத்தினேன். பிரேக்கும் தேய்ந்தால் சூடாகும் அல்லவா. ரப்பர் குமிழி விட்டு, இளகி, கல்லோடு ஒட்டி, கரும்புகை கிளப்பியது. அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் சாத்துகிற சத்தம் கேட்டது. கிராணியார் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

“தோசைக்கல்லு மேல லோரி ஓடாது அண்ணி.”

தவுக்கேயின் கேள்வி

ஞாயிறு காலையில் ஒரு ஷூவைத் துணியில் சுற்றிக்கொண்டு ரிக்‌ஷா ஏறினேன். மோட்டார் சாமான் விற்கிற சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கிறார் என்று தெரியும். பலகைக் கதவைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். கையால் தட்டினால் கேட்கவில்லை என்று ஷூவால் தட்டினேன். பனியனோடு, கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தார். ஞாயிறு கடை இல்லை என்றார். நாளைக் காலை ஏழு பிள்ளைகள் ஏற வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஷூவை வாங்கி, முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெய்த பட்டையை அளந்து நாலு துண்டு வெட்டி, செம்பு ஆணிகளும் சுற்றிக் கொடுத்துவிட்டு, மலாயில் கேட்டார்:

“அந்த லோரி நிக்கிற வீட்டுல ஆம்பிளை யாரும் இல்லையா?”

சக்கரம் சொன்னது

என் இரும்பு உரலைக் கவிழ்த்துப் பட்டறைக்கல் ஆக்கிக்கொண்டு, இவர் ஆணி அடித்தார். ஒவ்வொரு ஆணியின் தலையும் பட்டைக்குள் அமுங்கியிருக்கிறதா என்று நான் விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பிடுங்கி மறுபடி அடிக்க வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு டிரம்மை மாட்டி, பின் பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, நான் மேலே ஏறினேன். தொடக்கத்தில் எழுதிய சண்டை அப்போது நடந்ததுதான். இடது பக்கம் முந்திப் பிடிக்கும், வலது பக்கம் பிந்திப் பிடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்கிற வரைக்கும் பெடலையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியின் நீளத்தைத் திருகித் திருகி மாற்ற வேண்டும். மிதி, விடு, மிதி, விடு. மாணிக்கம் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தான். வெயில் தகரக் கூரையைவிட்டு இறங்கிவிட்டது. என் தொடை நடுங்கியது. “ரெண்டும் ஒண்ணா பிடிக்குதா?” என்று நான் கேட்டது எத்தனையாவது தடவையோ. இவர் அடியிலிருந்து, முதல் தடவையாகச் சத்தம் போடாமல் சொன்னார்:

“என்னைக் கேக்காதே. நீ மிதி, சக்கரம் சொல்லும்.”

பெஞ்சில் எட்டாவது ஆள்

திங்கள் காலை நானும் லோரியில் ஏறி உட்கார்ந்தேன். இவர் முன்னால் மாணிக்கத்தின் பக்கத்தில். நீலப் பாவாடை கட்டிய ஏழு பெண்களுக்கு நடுவே நான். கமலா தன் தோழிகளைப் பார்க்காமல், “நீ ஏறினா நான் நடந்தே போறேம்மா” என்றாள். நடக்க நேரமில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மேட்டில் பாதி தூரம் ஏறியதும் முன் தட்டியில் குத்தி, “நிறுத்து” என்றேன். மாணிக்கம் மிதித்தான். லோரி நின்றது. வெள்ளிக்கிழமை சக்கரம் விழுந்த வடிகால் எங்களுக்குச் சற்றுப் பின்னால் இருந்தது. உடைந்த விளிம்பில் செங்கல் புதுசாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கிட்டே வரவில்லை. ஒரு விரற்கடை கூட வரவில்லை. இவர் திரும்பி, “போகலாமா?” என்றார். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்றேன். மேலே பள்ளிக்கூட மணி அடிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் போகச் சொன்னேன். வாசலில் பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். கமலா பென்சில் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கணம் நின்றாள்.

“பரீட்சை எனக்கா, உனக்காம்மா?”

சகோதரிகளே, பின் பிரேக்கைப் புதுப்பிக்க இரண்டு நாள் போதும், அதை நம்பி ஒரு பிள்ளையை ஏற்றி அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்பதைத்தான் அந்தக் கைப்புத்தகத்தில் கறையான் தின்னாத எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

காலி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து இறங்கி வந்தேன். அந்த இடம் வந்ததும் தட்டியில் குத்தினேன்.

“மாணிக்கம், இங்க இன்னொரு தடவை நிறுத்திக் காட்டுப்பா.”

முன்னால் இருவரும் சாலையைப் பார்த்தபடியே இருக்க, மாணிக்கம் பிரேக்கை மிதித்தான்.