கண்ணூறு படாத ஹார்ட் டிஸ்க்

போன சனிக்கிழமை மத்தியானம். இந்தப் பத்திரிகைப் பத்திக்கு என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டு, அதாவது கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். கேற்றடியில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது.

வந்தது என் மச்சாள். கணவரின் அக்கா, கொடிகாமத்தில் இருப்பவர். மகள் துஷா ஸ்கூட்டி ஓட, பின்னால் ஒரு பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வந்து இறங்கினார். மச்சாள் சொல்லாமல் கொள்ளாமல் உடுப்பிட்டிக்கு வருகிறார் என்றால் பையில் மாம்பழம் இருக்கும், இல்லையென்றால் ஏதோ பிரச்சினை இருக்கும். மாம்பழ வாசம் வரவில்லை.

பைக்குள் ஒரு துவாய். துவாய்க்குள் ஒரு பொலித்தீன். பொலித்தீனுக்குள் பழைய பட்டுச்சேலைத் துண்டு. அதற்குள்... உள்ளங்கை அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க். கம்பியூட்டரோடு வயரில் கொழுவிப் பார்ப்பார்களே, அந்த வகை. பூச்சி உருண்டை மணம் மூக்கில் அடித்தது. அலுமாரியில் கூறைச்சேலைக்குக் கீழே இருந்ததாம்.

"சுகந்தி, நீர் கம்பியூட்டர் படிப்பிக்கிறனீர்தானே. இதை ஒருக்காப் பாரும். படங்கள் துறக்குதில்லை."

கம்பியூட்டர் டீச்சராக இருப்பதன் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. சொந்தபந்தங்களுக்கு நான் பிரிண்டரும் திருத்துவேன், டிவியும் திருத்துவேன், கிரைண்டர் சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் துஷாவின் முகத்தைப் பார்த்ததும் பகிடி விட மனம் வரவில்லை. பிள்ளை அழுதுவிட்டு வந்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். துஷாவுக்குப் போன வருஷம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கனடா. குறுகிய லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போய்விட்டார். இப்போது அவளைக் கூப்பிட ஸ்பொன்சர் அலுவல் நடக்கிறது.

"மாமி, லோயர் வெள்ளிக்கிழமைக்கிடையிலை கலியாணப் படங்கள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். தாலி கட்டுறது கட்டாயம் வேணுமாம்."

"கலியாணப் பதிவுத் துண்டு இருக்குத்தானே, பிள்ளை?"

"அது மட்டும் காணாதாம். உண்மையா நடந்த கலியாணமோ எண்டு படங்களை வைச்சுத்தான் பாப்பினமாம்."

"சரி, வேறை கொப்பி எங்கை இருக்கு?"

தாயும் மகளும் ஆளை ஆள் பார்த்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. இந்த ஒரு டிஸ்க்கைத் தவிர வேறு பிரதியே இல்லை.

ஏன் இல்லை? மச்சாளின் சட்டம் அப்படி. வெளிநாட்டுச் சம்பந்தம்... நாலு பேர் கண் பட்டால் விசா இழுபட்டுவிடும்! ஆகவே விசா கைக்கு வரும் வரைக்கும் படங்களை ஒருவருக்கும் காட்டக்கூடாது. வட்ஸ்அப்பில் போடக்கூடாது. மாப்பிள்ளைக்குக்கூட அனுப்பக்கூடாது, ஏனென்றால் அவர் தங்கைக்குக் காட்டுவார், தங்கை ஊருக்குக் காட்டுவாள். அல்பம் அடித்தால் வருகிறவர்கள் எல்லாரும் புரட்டுவார்கள் என்று அதையும் அடிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில்கூட வாசலில் நின்று, "ஃபோனாலை ஒருத்தரும் படம் எடுக்காதேங்கோ" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். படப்பிடிப்பாளரோ, மாசக்கணக்காக வைத்திருந்துவிட்டு, தன் கம்பியூட்டரில் இடம் போதாதென்று அழித்துவிட்டாராம்.

அப்படி ஒருவர் கண்ணிலும் படாமல் பொத்திவைத்த படங்களை இப்போது ஊர் பேர் தெரியாத ஒரு கனடா அதிகாரியே பார்க்கக் கேட்கிறார். சிரிப்பதா அழுவதா?

ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவினேன். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குப் படங்கள் வந்தன. மாப்பிள்ளை அழைப்பு வந்தது. பிறகு கம்பியூட்டர் அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க்குக்குள் ஏதோ சுரண்டுவது போன்ற சத்தம். வாசிக்கப் பார்க்கிறது, முடியவில்லை, திரும்பவும் அதே இடத்தை வாசிக்கப் பார்க்கிறது.

"துஷா, நீ இதுக்கு என்னவும் செய்தனியோ?"

"கம்பியூட்டர் பிழை இருக்கு, திருத்தவோ எண்டு கேட்டது மாமி. ஓம் எண்டு அமத்தினன். சரிவரேல்லை. பிறகும் அமத்தினன்... பிறகும்..."

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு டிஸ்க்கில் பழுது இருப்பதாகச் சந்தேகம் வந்தால், முதலில் 'திருத்து' என்பதை அமத்தாதீர்கள். திருத்துகிற வேலை டிஸ்க் முழுவதையும் உழுது பார்க்கும். சாகக்கிடக்கிற டிஸ்க் அதிலேயே செத்துப்போகலாம். அதற்கு உங்கள் படங்களைப் பற்றிக் கவலை இல்லை, கணக்குச் சரியாக வந்தால் போதும். முதலில் உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். வைத்தியம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மச்சாளுக்கு விளங்கப்படுத்தினேன். "உள்ளுக்கை ஒரு தட்டு இருக்கு. அதைச் சின்னச் சின்னப் பாத்தியாப் பிரிச்சுத்தான் எழுதி வைக்கிறது. இதிலை சில பாத்தி பழுதாப் போச்சு. பேட் செக்டர் எண்டு சொல்லுவினம்."

மச்சாள் தோட்டக்காரக் குடும்பம். உடனே பிடித்துக்கொண்டார். "உவர் பாஞ்ச துண்டு மாதிரியோ?"

"ஓம், அதேதான்."

"அப்ப அந்தத் துண்டை விட்டிட்டு மிச்சத்தைச் செய்யலாம்தானே?"

செய்யலாம். டிஸ்க்கும் அதைத்தான் செய்யும். பழுதான இடத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சமாக வைத்திருக்கும் இடத்தில் எழுதத் தொடங்கும். ஆனால் உவர் பாய்ந்த துண்டில் ஏற்கெனவே நட்டது? அதைப் பற்றி நான் அப்போது வாய் திறக்கவில்லை.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பு நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். அதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. போட்டுப் பார்த்தேன். ஒதுக்கிவிட்ட இடங்கள், வாசிக்கமுடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள் என்று இரண்டு வரிகளிலும் பூச்சியம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது இரண்டாவது வரி இன்னும் ஏறியிருந்தது. பழுது பரவுகிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு இடம் பழுதாகி அப்படியே நிற்கிற டிஸ்க் வருஷக்கணக்கில் ஓடலாம். இலக்கம் ஏறுகிற டிஸ்க்கை நம்பவே கூடாது.

என்னிடம் இருந்த வேறொரு டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணத் தொடங்கினேன். சாதாரணக் கொப்பி இல்லை. அது பழுதில் முட்டினால் அங்கேயே நின்று மல்லுக்கட்டும். இதற்கென்று இருக்கிற மென்பொருள் முதலில் சுகமாக வாசிக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிடும். கஷ்டமான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பிவரும். ஆறுதலாக, மெதுவாக நடக்கிற வேலை. தாயும் மகளும் அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். மச்சாள் டேபிள் ஃபானை டிஸ்க்குக்கு நேரே திருப்பி வைத்தார். கரண்ட் போகக்கூடாதென்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலையில் வேலை முடிந்தது. அநேகமாக எல்லாமே வந்திருந்தன. சந்தோஷமாகத் திறந்து பார்த்தோம். பொன்னுருக்கு இருக்கிறது. அறுகரிசி போட்டு வாழ்த்துவது இருக்கிறது. பந்தி இருக்கிறது, சோற்றுக் கிடாரத்துக்குக்கூட அழகான படம் இருக்கிறது.

தாலி கட்டுவது மட்டும் இல்லை.

ஃபைல்கள் இருந்தன. திறந்தால் மேலே மணவறைப் பூக்கள் தெரிந்தன, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அடுத்த படமும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. அடுத்தடுத்து எடுத்த படங்கள் டிஸ்க்கிலும் அநேகமாக அடுத்தடுத்தே இருக்கும். பழுது சரியாக அந்த இடத்தில் விழுந்திருந்தது. திரும்பத் திரும்ப முயன்றேன், ஒன்றும் அசையவில்லை.

துஷா முகத்தைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு, "ஒரே ஒரு கொப்பி எண்டால் அது கொப்பியே இல்லை" என்று வாய் வலிக்கச் சொல்லுகிறவள் நான். அதை இந்த நேரத்தில் மச்சாளிடம் சொல்ல முடியுமா?

"மச்சாள், மண்டபத்திலை ஒருத்தரும் களவாக்கூட எடுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

அறைக்குள் இருந்து துஷாவின் குரல்தான் வந்தது. "ராணி அன்ரி எடுத்தவ."

ராணி மச்சாளின் பக்கத்து வீடு. கெட்டிமேளம் முழங்கிய நேரம் அவர் ஃபோனைத் தூக்கியதை மச்சாள் கண்டுவிட்டார். தாலி ஏறி முடிந்ததும் நேரே போய், சபையில் இருந்த சனத்துக்கு முன்னால் பேசி, படத்தை அழிக்கவும் வைத்துவிட்டார். அன்றைக்கு நின்றதுதான் கதை பேச்சு. வேலிக்கு மேலால் கறி மாறுவதும் நின்றுபோனது.

"அவளிட்டை நான் போகமாட்டன்" என்றார் மச்சாள். "எந்த முகத்தோடை போறது?"

அறைக்குள் துஷா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மச்சாள் அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு சேலையைச் சரிசெய்தபடி எழும்பினார்.

"சுகந்தி, நீரும் ஒருக்கா வாரும்."

கொடிகாமத்தில் ராணி முற்றத்தில் இருந்து சந்தைக்கு முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். மச்சாள் கேற்றுக்கு வெளியே நின்றார். அந்தக் கேற்றைக் கேட்காமல் திறந்து போய்வந்த காலமும் இருந்தது.

"ராணி... அண்டைக்கு உன்னைச் சனத்துக்கு முன்னாலை பேசினது பிழை. என்னிலைதான் பிழை." மச்சாள் கேற்றைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளையின்ரை விசாவுக்குத் தாலி கட்டுற படம் வேணும். எங்களிட்டை இருந்தது பழுதாப் போச்சு."

ராணி கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தார். "நீங்கள் அழிக்கச் சொன்னனீங்கள் அக்கா. அழிச்சுப்போட்டன்."

மச்சாளின் முகம் விழுந்துவிட்டது.

"நீங்கள் பாத்துக்கொண்டு நிண்ட அந்த ஒரு படத்தைத்தான் அழிச்சன்" என்றார் ராணி. "உள்ளுக்கை வாங்கோ."

ஃபோனில் இன்னும் ஒரு கைப்பிடி படங்கள் இருந்தன. ஒன்றில் நாதஸ்வரக்காரரின் தோள் பாதியை மறைத்தது. ஒன்று ஆடிப்போயிருந்தது. ஆனால் ஒன்று... அவ்வளவு தெளிவு. மாப்பிள்ளையின் கைகள் துஷாவின் கழுத்தடியில். துஷா குனிந்த தலையோடு. பக்கத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய மச்சாள் நிற்கிறார்.

மச்சாள் ஃபோனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "நான் அழுதனானோ?"

"மண்டபம் முழுக்கக் கண்டது அக்கா. உங்களுக்குத்தான் தெரியேல்லை."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நான் முருங்கைக்காயை எண்ணுவது போலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த நாளே படங்கள் கனடாவுக்குப் போய்விட்டன. லோயருக்குத் திருப்தி. சோடித்து நிற்கவைத்து எடுத்த படங்களைவிட இப்படிப்பட்டவற்றைத்தான் நம்புவார்கள் என்றாராம். விசா இன்னும் வரவில்லை, வரும். பழைய டிஸ்க்கை ஒருமுறை முழுக்க அழித்து எழுதிப் பார்த்தேன். அழித்து எழுதினால் சில பழுது மாறும், கரண்ட் வெட்டில் அரைகுறையாக எழுதப்பட்ட இடங்கள் அப்படித்தான் சுகப்படும். இது அந்த வகை இல்லை. இலக்கம் இன்னும் ஏறியது. இனி இதில் ஒன்றும் வைக்காதீர்கள் என்று மச்சாளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மிஞ்சிய படங்களை எல்லாம் சேர்த்துப் புதிதாக மூன்று கொப்பி போட்டேன். ஒன்று மச்சாளின் அலுமாரிக்கு. ஒன்று மாப்பிள்ளைக்கு. மூன்றாவதை வேறு யாராவது நம்பிக்கையான ஆள் வீட்டில் வைக்கச் சொன்னேன். மச்சாள் யோசிக்கவே இல்லை.

"ராணியிட்டைக் குடுப்பம்."

"கண்ணூறு படாதோ மச்சாள்?"

"பட்டால் படட்டும். அவள்தான் நான் நிண்டு சொன்னாலும் அழிக்கமாட்டாள்!"