ஒற்றைப்படிக் கடை உப்பு

எனக்கு ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார வராது. வாணியம்பாடியில் என் அம்மா, "கால்ல சக்கரமா கட்டிக்கினு பொறந்த?" என்று கேட்பார். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரில், ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் சாக்குத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். கல்யாணம் என்று அதற்குப் பெயர். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை.

கடையை ஆரம்பித்தவர் என் மாமனார். தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வாங்க மலையேறியவர், அங்கேயே தங்கிவிட்டார். நான் போனபோது அவர் மௌத்தாகியிருந்தார். அவர் விட்டுப்போனதில் என் கணவர் உயிராக நினைத்தது கடையையும் அல்ல, கல்லாவையும் அல்ல. வாசல் தூணில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த ஓர் இரும்புப் படியை.

அதற்குக் காரணம் இருந்தது. கீழேயிருந்து வரும் வியாபாரிகள் இரண்டு படி வைத்திருப்பார்கள். மலைக்காரர்களிடம் சாமை வாங்கப் பெரிய படி, அவர்களுக்கு உப்பு விற்கச் சின்னப் படி. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பல வருஷம் ஏமாந்த ஜனம் அது. என் மாமனார்தான் ஒரே படியைச் சந்தையைப் பார்த்த கடை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி கட்டினார். வாங்குவதும் அதில், விற்பதும் அதில். அதுமட்டுமல்ல, அளந்ததைக் கவிழ்த்த பிறகு படியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே ஒட்டியிருப்பதையும் உதிர்த்துக் கொடுப்பார். இதனால் எங்கள் கடைக்கு 'ஒத்தப்படி பாய் கடை' என்று பெயர். தொலைவில் நெல்லிவாசல் நாட்டு மலைக் கிராமங்களிலிருந்து கூட, வழியில் வேறு கடைகள் இருந்தும், எங்களிடம் உப்பு வாங்க நடந்து வருவார்கள். என் கணவர் சந்தைக்கு முந்தின நாள் அந்தப் படியைப் புளி போட்டுத் தேய்ப்பார். என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அப்புறம்தான் பூச்சிப் பவுடர் வந்தது.

அதற்கு முன்பே மலேரியாக்காரர்கள் வீடு வீடாகச் சுவரில் மருந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கொசு போனதோ இல்லையோ, மூட்டைப்பூச்சி போயிற்று. மலை ஜனத்துக்கு ஒரே சந்தோஷம். பிறகு விவசாய இலாகாக்காரர்கள் வந்து, விதைச் சாமையில் சாம்பல் கலப்பதற்குப் பதிலாகப் பவுடரைக் கலக்கச் சொன்னார்கள். உடனே எல்லோரும் கடையில் கேட்க ஆரம்பித்தார்கள். ஒடுகத்தூர் மொத்த வியாபாரி உப்பு மூட்டையோடு பவுடர் மூட்டையும் லாரியில் ஏற்றி அனுப்பினார். கூடவே ஒரு சொல்: "நல்லா ஓடும் பாய்." எப்படி வைக்க வேண்டும், எதோடு வைக்கக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை, என் கணவரும் கேட்கவில்லை. மூட்டையில் மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. அதைப் பார்த்தால் சந்தைக்கு வருகிறவர்கள் மிரளுவார்கள் என்று படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார் இவர். ஒரு பக்கம் பொட்டுக்கடலை, மறு பக்கம் உப்பு, நடுவில் இது.

எனக்கு மூக்கு கூர்மை. திரைக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு வேறென்ன வேலை? ஈரச் சாக்கும் பழைய மருந்துக் கடையும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை கடை பூராவும் பரவியது. பொட்டுக்கடலையில் அடித்தது, வெல்லத்தில் அடித்தது, இவர் சட்டையில் அடித்தது. நாளாக ஆக யாருக்கும் அது தனியாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

"ஏங்க, அதே படியிலயா இத அளக்கறீங்க?"

"தொடச்சுட்டுத்தான அளக்கறேன்?"

"தொடைக்கற துணியிலயும் அதான இருக்குது."

"வேற இன்னா பண்ணச் சொல்ற? தராசுல போட்டா நம்ப மாட்டாங்க. இன்னொரு படி வெச்சா கடையே போச்சு."

நான் சும்மா இருப்பவளா? சந்தையில் ஒரு தகரப்படியை ஆள் விட்டு வாங்கி, பவுடர் மூட்டைக்குள் செருகி வைத்தேன். அடுத்த சந்தைக்கு வந்த ஒரு பெரியவர் புளி மூட்டையை இறக்கும்போது அதைப் பார்த்துவிட்டார். இறக்கிய மூட்டையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கப் பேச்சு: ஒத்தப்படி பாய் ரெண்டு படி வெச்சிட்டாராம். இவர் தகரப்படியைக் காலால் மிதித்து நசுக்கி, சங்கிலிப் படியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆள் ஆளாகச் சத்தியம் செய்யவேண்டி வந்தது. எதிர்க் கடைக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தார். அன்று இவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. படியைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விதைப்புக்கு முந்தைய மாதத்தில் ஒரு சந்தை. காலையிலிருந்தே தூறல். ஜனம் அவசர அவசரமாக வாங்கிக்கொண்டு ஓடியது. நான் வழக்கம்போலத் திரைக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒருவர் விதைக்கு ஒரு படி பவுடர் வாங்கினார். மழை ஈரத்தில் பவுடர் களி மாதிரி படியின் அடியில் அப்பிக்கொண்டது. அவர் போனதும் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முந்தானையை நீட்டினாள். நெல்லிவாசல் பக்கத்தவள், மாதம் ஒரு முறை வருகிறவள். உப்பு ஒரு படி. இவர் உப்பை அளந்தார், கவிழ்த்தார், முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் முடிந்துகொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

பலகையில் உப்பு கொஞ்சம் சிந்தியிருந்தது. வழித்துப் போடலாம் என்று கையை நீட்டினேன். உப்புக் கல்லோடு வெள்ளையாகக் கட்டிகள் வந்தன. முகர்ந்தேன். படியை எட்டிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. துடைக்கும் துணி காய்ந்தபடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்தப் பொண்ணு உப்புல பவுடர் பூரா போயிடுச்சு!"

"கத்தாத! சந்தை முழுக்கக் கேக்கும்."

"கேக்கட்டுமே! அவளக் கூப்பிடுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் நகரவில்லை. கடை முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். எங்கள் உப்பில் விஷம் என்று ஒருவர் காதில் விழுந்தாலும் மாமனார் காலத்துப் பெயர் அன்றோடு முடிந்தது. எனக்கு அந்தப் பெயர் இருந்தால் என்ன, போனால் என்ன என்று ஆத்திரமாக வந்தது. துப்பட்டியைத் தலையோடு சுற்றிக்கொண்டு திரையைத் தள்ளிவிட்டு இறங்கினேன். அத்தனை பேர் முன்னால் அந்த ஊர்ச் சந்தையில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சேறு. பார்க்கிற பெண்ணெல்லாம் முந்தானையில் ஏதோ முடிந்துகொண்டு போகிறாள். பாதை பிரியும் இடம் வரை ஓடிப் பார்த்தேன். அவள் போய்விட்டிருந்தாள்.

அன்றைக்குக் கிளம்ப வழியில்லை. மழை வலுத்து ஓடை பெருகிவிட்டது, தண்ணீர் இறங்காமல் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது என்றார்கள். வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரும் சாப்பிடவில்லை. விடிந்ததும் நான் எழுப்பும் முன்பே கடைக் கதவில் பூட்டைப் போட்டுவிட்டு வெளியே நின்றிருந்தார். வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். இன்னும் உலையில் போட்டிருக்க மாட்டாள், பழைய உப்பு மிச்சம் இருந்திருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

விசாரித்துக்கொண்டே போய் உச்சி வெயிலில் அவள் ஊரை அடைந்தோம். வாசலில் எங்களைப் பார்த்ததும் அவள் பதறி எழுந்தாள்.

"இன்னா பாய்வூட்டம்மா, இவ்ளோ தூரம் நடந்தா வந்தீங்க? உப்பு கூட அளந்து குடுத்துட்டீங்களா? மிச்சம் இருக்குது, எடுத்துக்கினு போங்க."

அவள் பின்னால், பாயில், சந்தையில் அவள் இடுப்பில் இருந்த, நடக்கப் பழகிய வயதுப் பெண் குழந்தை கிடந்தது. நெற்றி நிறைய விபூதி. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

ராத்திரி கூழ் குடித்த எல்லோருக்கும் வாந்தியாம். பெரியவர்களுக்கு நின்றுவிட்டது, இதற்குத்தான் நிற்கவில்லையாம். ஓடையைத் தாண்டும்போது எதையோ பார்த்துப் பயந்திருக்கும் என்று பூசாரியை அழைத்து மந்திரித்திருந்தார்கள்.

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எங்க உப்புலதான் கோளாறு" என்றேன்.

அவள் புருஷன் சிரித்தேவிட்டான். "ஒத்தப்படியில அளந்த உப்பும்மா அது. அது எப்டி தப்பாப் போவும்?"

அக்கம்பக்கத்தவர் நாலைந்து பேர் கூடிவிட்டிருந்தார்கள். எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தாலே போதும், பழி ஓடைப் பேய்மேல் போயிருக்கும். இந்த மனுஷன் இப்போது வாயை மூடிக்கொண்டால் இனிமேல் இவரோடு நான் குடித்தனம் நடத்த முடியாது என்று நினைத்தேன். அதை இன்று எழுதும்போதும் எனக்கு நடுக்கமாகத்தான் இருக்கிறது.

"படி சரிதான்பா" என்றார் இவர். "அந்தப் படியில நான் விஷத்த அளந்தேன். தொடைக்கல."

உப்புச் சட்டியை எடுத்து எட்டக் கொண்டுபோய்க் குழி தோண்டிக் கொட்டினார். திரும்பி வந்து யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் அதைக் கீழே இறக்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. இழுப்பு நின்று, கண் விழித்து, அம்மாவைத் தேடி அழுததைக் கேட்டதும் இவர் ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். எனக்கு அவரை அப்போதுதான் பிடித்தது.

அடுத்த சந்தைக்கு எங்கள் கடையில் இரண்டு படி. பவுடர் மூட்டையைப் பக்கத்தில் தனிக் கொட்டகைக்கு மாற்றி, மண்டையோட்டை எல்லோரும் பார்க்கத் திருப்பி வைத்தோம். அதற்கென்று சிவப்பு வர்ணம் அடித்த ஒரு படி. அது எதற்கு, ஏன் என்று இவர் வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வற்றச் சொன்னார். சங்கிலிப் படியில் தண்ணீர் அளந்து சிவப்புப் படியில் ஊற்றிக் காட்டினார். துளி கூடக் குறையவில்லை. தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சாமையை மூட்டை கட்டிக்கொண்டு எழுந்தார்கள். "ரெண்டு படி வெச்சிக்கினு கூடவே கதையும் சொல்றாரு" என்று ஒருவர் போகிற போக்கில் சொன்னது திரைக்கு உள்ளே எனக்குக் கேட்டது.

எதிர்க் கடைக்காரர் கெட்டிக்காரர். அவரும் வாசலில் ஒரு படியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார். அவரிடமும் ஒடுகத்தூர் மூட்டை வந்திறங்கியிருந்தது. ஒரே படியில் பவுடரும், அதே படியில் பருப்பும், உப்பும். ஜனம் அங்கே நெருக்கியடித்தது.

இரண்டு மூன்று சந்தை போன பிறகு அவள் வந்தாள். இடுப்பில் அந்தக் குழந்தை, தேறி, கன்னம் பூசினாற்போல் இருந்தது. எங்கள் கடை முன்னால் நின்று, திரை இடுக்கில் தெரிந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். பிறகு சிவப்புப் படியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய் முந்தானையை நீட்டினாள்.

நான் திரையைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டேன். "ஏம்மா, அந்தப் படியில வாங்காத! இப்பதான் அதுல பவுடர் அளந்தாரு, நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

"ஏவாரம் படுத்துடுச்சில்ல, பாய்வூட்டம்மாக்கு வயிறு எரியுது" என்றார் எதிர்க் கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் உப்பை அளந்து கவிழ்த்து, படியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் என்னைப் பார்க்காமல் முந்தானையை முடிந்துகொண்டாள். குழந்தை முடிச்சுக்குள் விரலை விட்டு எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.