பெயர் மாற்றாத நோட்டு

தனுஷ்கோடி முனையில் நின்றால் கைப்பேசிக்கு நாடு குழம்பிவிடும். மனைவி வழி உறவினர்களுக்குக் கடல் காட்டப் போயிருந்தேன். 'இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாடு வந்துவிட்ட பெருமையை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தபோதே அடுத்த செய்தி வந்தது. சிக்கல் ஊர்ச் சேதுமணி டீச்சர் காலையில் காலமாகிவிட்டார்.

உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. 'நோட்டு எங்கே?' என்பதுதான் மனதில் வந்த முதல் கேள்வி. இருபது வருடம் பழகியவருக்கு நான் செலுத்திய அஞ்சலி அவ்வளவுதான்.

டீச்சர் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினார். நான் அதே பள்ளியில் கிளார்க். வார இதழ்களில் நகைச்சுவைத் துணுக்கு எழுதுகிறவன் என்பதால் என்னையும் எழுத்தாளர் என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர். ஓய்வு பெற்றதும் நாவல் எழுத ஆரம்பித்தார். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கில அம்மையாரின் கல்யாணக் கதைகளை எடுத்து, நம் பக்கத்து மிளகாய்க் காட்டில் நட்டு வளர்ப்பார். அங்கே நடன விருந்து என்றால் இங்கே காதுகுத்துக்குக் கெடா விருந்து. குதிரை வண்டியில் வந்த சீமான் இங்கே புல்லட்டில் வருவான். "அந்த அம்மாவுக்குச் சிக்கல் எங்கன இருக்குன்னே தெரியாது. ஆனா இங்கன இருக்கிற அம்புட்டுப் பேரையும் தெரிஞ்சிருக்கு" என்பார்.

முதல் நாவல் வந்தபோது பக்கத்து ஊர்ப் பெரிய விவசாயி ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். மகள்களைக் கட்டிக்கொடுக்க ஊர் ஊராக நாடகம் போடும் தாய் ஒருத்தி அதில் வருகிறாள். அது தன் மனைவிதான் என்பது அவர் வழக்கு. டீச்சர் பதறவே இல்லை. ஆங்கில மூலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அய்யா, இது நான் எழுதுனதில்ல. இருநூறு வருசத்துக்கு முந்தி சீமையில ஒரு அம்மா எழுதுனது." அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "அப்ப என் வீட்டுக்காரியப் பத்தி அந்த அம்மாட்டப் போயிச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

சொன்னது நான்தான். சீமைக்கு அல்ல, டீச்சருக்கு. கதையின் எலும்புக்கூடு ஆங்கில அம்மையாருடையது. அதன் மேல் சதை வைக்க ஊர் வம்பு வேண்டும். அதில் எனக்கு நல்ல விளைச்சல். யார் வீட்டுப் பந்தியில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலைக் காபிக்குள் டீச்சரிடம் போய்ச் சேர்ந்துவிடும். அவர் முதல் பிரதியை நிஜப் பெயர்களிலேயே எழுதுவார். "பேரை மாத்திட்டா ஆளுக வாயத் திறக்க மாட்டேங்குறாக" என்பது அவர் கட்சி. எழுதி முடித்ததும் நோட்டை என்னிடம் தருவார். நிஜப் பெயர்களை அடித்துவிட்டுப் புதுப் பெயர் சூட்டுவது என் வேலை. அதற்குப் பிறகுதான் டைப் அடிக்கப் போகும். நான் கை வைக்காத ஒரு நோட்டு வெளியே போனால் எத்தனை வேட்டி மடித்துக் கட்டப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் எனக்குப் பயம் வந்தது ஊருக்காக அல்ல. நாவல்களை டைப் அடித்துக் கொடுப்பவள் செல்வி, என் மனைவியின் தங்கை. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். பல வருடங்களுக்கு முன் கப்பலில் வேலை பார்க்கும் ஒரு பையனை அவளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பூ வைக்க நாள் குறித்த பிறகு, ஒரு கல்யாணப் பந்தியில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒரு ஜோக் அடித்தேன். மாமனாருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மறுநாள் சம்பந்தம் வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டார். காரணத்தை யாருக்கும் சொல்லாமலே அவர் போய்ச் சேர்ந்தார். செல்வி அதன் பிறகு எந்த வரனுக்கும் தலையாட்டவில்லை.

இதை நான் சொன்ன ஒரே ஆள் டீச்சர். அன்று அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"செல்விட்டச் சொல்லிட்டீகளா?"

"இல்ல டீச்சர்."

"பயமா?"

"பயந்தான்."

"நல்ல எண்ணத்துல வாயத் தொறந்து கல்யாணத்தக் கெடுக்கிற ஆளு அந்தச் சீமை அம்மா கதையிலயும் வருவாரு. நீங்க நல்ல எண்ணத்துலயும் தொறக்கல. சிரிக்க வைக்கத் தொறந்திருக்கீக. இத எழுதத்தான் போறேன். நீங்க அவகிட்டச் சொல்ற வரைக்கும் உங்க பேரு என் வாயில இருந்து வராது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காபியோடு அந்தக் கேள்வியும் வரும். "சொல்லியாச்சா?" ஒரு கட்டத்தில் நான் ஞாயிறுகளில் போவதையே குறைத்துக்கொண்டேன்.

துக்க வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, மாலை வைக்க இடம் தேடுகிறவன் மாதிரி நான் மேசை, அலமாரி எல்லாம் நோட்டம் விட்டேன். பின்னால் செல்வியின் குரல் கேட்டது.

"என்ன அத்தான் தேடுறீக?"

"சும்மாத்தான்... டீச்சர் கடைசியா ஒண்ணு எழுதிட்டிருந்தாகளே."

"அதுவா? மேலுக்கு முடியலன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னயே எங்கிட்டக் குடுத்துட்டாக. பேரு மாத்தல, அத்தான் வந்து மாத்தித் தருவாருன்னு சொன்னாக. நாளைக்குக் கடைக்கு வாங்க."

இரண்டு மாதம்! அந்த இரண்டு மாதத்தில் அவள் வீட்டில் நான்கு முறை சாப்பிட்டிருக்கிறேன். ஒரு முறை மீன் குழம்பில் உப்பு கூட என்று கிண்டல்கூட அடித்திருக்கிறேன். அவள் எதுவுமே கேட்கவில்லை.

மறுநாள் காலை போனேன். கடையில் வேறு ஆள் இல்லை. செல்வி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இது என் கதை அத்தான். என் பேரு இருக்கு, எங்கப்பா பேரு இருக்கு, அவரு பேரும் இருக்கு. பந்தியில ஒரு சொல்லு சொல்லிக் கவுத்துன ஆளுக்கு மட்டும் பேரு இல்ல. கோடு போட்டு வச்சிருக்காக. என்ன சொன்னாருன்னும் எழுதல. டீச்சர்ட்டக் கேட்டேன். 'அத்தான் பேரு போட்டுத் தருவாரு'ன்னு மட்டுந்தான் சொன்னாக. யாரு அது, அத்தான்?"

பெயர் சூட்டுவதில் எனக்கு ஈடு கிடையாது. அந்த ஒரு நொடியில் ஏழெட்டுப் பெயர்கள் நாக்கு நுனி வரை வந்தன. செத்துப்போன பெரியப்பா ஒருவரைக்கூடக் கைகாட்டியிருக்கலாம்; மறுத்துப் பேச ஆளில்லை.

"நான்தான்" என்றேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்ன சொன்னீக? சொன்னபடியே சொல்லுங்க."

சொன்னேன். "கப்பக்காரனுக்கு என்ன மாமா, துறைமுகத்துக்கு ஒரு வீடு இருக்கும். நம்ம செல்வி எத்தனாவது துறைமுகம்னு கேட்டு வச்சுக்கங்க."

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கா எங்கப்பா சிரிச்சாரு?"

"ஆமா."

"இதுல சிரிக்க என்ன அத்தான் இருக்கு?"

எனக்கும் தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டாள். பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"மத்தவுக பேரையெல்லாம் மாத்துங்க. இந்தக் கோட்டுக்கு மாத்துன பேரா, நெசப் பேரா?"

"நெசப் பேரே இருக்கட்டும்."

அடித்தாள். "எல்லா எடத்துலயும் போட்டுரவா?"

"போடு."

ஒரே தட்டில் நாவல் முழுக்க நான் வந்துவிட்டேன். புத்தகம் அச்சுக்குப் போயிருக்கிறது. என் மனைவி படிப்பாள், அவள் சாதிசனம் மொத்தமும் படிக்கும். செல்வி என்னோடு பேசுகிறாள், ஆனால் அத்தான் என்று கூப்பிடுவதில்லை. அன்று கடையிலிருந்து இறங்கியதும் என் கால் தானாகச் சிக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டது. 'சொல்லிவிட்டேன் டீச்சர்' என்று சொல்லப் போகிறேன் என்பது பாதி வழியில்தான் புரிந்தது. அங்கேயே இறங்கி, ரோட்டோரம் நின்று, அன்றைக்குத்தான் டீச்சருக்காக அழுதேன்.

டீச்சர் நினைவாக அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. எல்லாப் பெயர்களையும் அடித்து மாற்றிவிட்டேன். அவர் கையால் போட்ட கோடுகளை மட்டும் தொடவில்லை.